எலி நுழையும் வழிகளை அடைத்தல்: ஒரு தரைத்தள வீட்டின் வேலை வரிசை

எலித் தொல்லை உள்ள வீட்டில் முதலில் வாங்கப்படுவது பொறியும் மருந்தும்தான். உண்மையில் முதலில் வாங்க வேண்டியவை வெல்டு மெஷ்ஷும் (பற்றவைத்த கம்பி வலை) சிமெண்டும். வழி திறந்திருக்கும்வரை, பிடிபட்ட எலியின் இடத்துக்குத் தெருவிலிருந்து இன்னொன்று வந்துகொண்டே இருக்கும். பெண் எலிக்குச் சினைக்காலமே மூன்று வாரம்தான். பிடிக்கும் வேகம் பெருகும் வேகத்தை எட்டாது.

நம் ஊர்களில் அதிகம் காணும் வீட்டு அமைப்பை வைத்தே இந்த வரிசையைச் சொல்கிறோம். முன்பக்கம் கான்கிரீட் தளம், பின்பக்கம் சமையலறையை ஒட்டி சிமெண்ட் ஷீட் போட்ட பாத்திரம் கழுவும் இடம், பக்கவாட்டில் இரண்டு மூன்று அடிச் சந்து, அதில் கழிவுநீர்ச் சேம்பர்கள், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி, மதிலை ஒட்டி ஒரு தென்னையோ முருங்கையோ. ஓட்டு வீட்டுக்கு மட்டும் கூரைப் பகுதியில் சில மாற்றங்கள் உண்டு.

வந்திருப்பது எது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் துளை தேடினால் தேடும் இடமே தப்பிவிடும். வீட்டு எலி ஏறும் சாதி. உடலைவிட வால் நீளம். பரண், ஷீட்டின் அடிப்பக்கம், கேபிள், மரக்கிளை வழியாக வரும். பெருச்சாளி தோண்டும் சாதி. வளைவாயில் புதுமண்ணைக் குவித்து வைக்கும். சேம்பர், அஸ்திவாரம், சாக்கடை ஓரம்தான் அதன் இடம். சுண்டெலி எந்தப் பக்கமும் வரும், மிகச் சிறிய இடுக்கு போதும்.

புழுக்கையைப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். சுண்டெலியுடையது 3 முதல் 6 மி.மீ., சீரகம் போல இருக்கும். வீட்டு எலியுடையது 12 மி.மீ. அளவில், நுனி கூர்மையாக இருக்கும். பெருச்சாளியுடையது இன்னும் பெரியது, பருமனானது. நுனியில் வெள்ளை இருந்தால் அது பல்லி எச்சம், குழம்ப வேண்டாம். மூக்கு நீண்டு, கீச்சென்று கத்திக்கொண்டு சுவரோரமாக ஓடுவது மூஞ்சூறு. அது எலி இனமே இல்லை, பூச்சி தின்னும் பிராணி, மரத்தையோ வயரையோ கடிக்காது. ஆனால் அதுவும் தண்ணீர் போகும் துளை வழியாகத்தான் வருகிறது. எலிக்கு அடைக்கும் அடைப்பே அதற்கும் போதும்.

துளை தேடுதல்

ஒரு பென்சிலும் ஒரு டார்ச்சும் போதும். பென்சில் நுழையும் இடுக்கில், அதாவது 6 மி.மீ. இருந்தால், சுண்டெலி நுழையும். கட்டைவிரல் நுழையும் இடத்தில் எலி நுழையும். தலை போனால் உடலைச் சுருக்கி இழுத்துக்கொள்ளும்.

பகலில் அறைகளைச் சாத்தி விளக்கை அணைத்து, வெளிச்சம் எங்கிருந்து கசிகிறது என்று பாருங்கள். கதவின் கீழ், ஷீட்டும் சுவரும் சேரும் இடம், எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்று, வென்டிலேட்டர் மூலை எல்லாம் தானே தெரிந்துவிடும். இரவில் இதையே திருப்பிச் செய்யலாம். உள்ளே விளக்கெரிய, ஒருவர் வெளியே சந்தில் நடந்து பார்க்க வேண்டும்.

நேர்கோட்டில் வெளிச்சம் வராத துளைகளுக்கு வேறு தடயங்கள் உண்டு. எலி தினமும் ஒரே பாதையில் உரசிப் போவதால் சுவரிலும் குழாயிலும் எண்ணெய் பிசுக்கான கருங்கோடு விழும். சந்தேகமான இடத்தில் இரவு கோலமாவை மெல்லியதாகத் தூவி வைத்தால் காலையில் பாதத் தடமும் வால் இழுத்த கோடும் தெரியும். துளைவாயில் செய்தித்தாளைக் கசக்கித் தளர்வாகச் செருகி வைப்பதும் நல்ல சோதனை. இரண்டு மூன்று இரவு அசையாமல் இருந்தால் அது இப்போது ஓடும் வழியல்ல. ஓடாத வழியையும் அடைக்கத்தான் வேண்டும்.

கண்ட துளை ஒவ்வொன்றின் பக்கத்திலும் சாக்கட்டியால் எண் போட்டு, அளவை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது இந்தத் தாள்தான் பட்டியல்.

பொருள்

எலியின் வெட்டுப்பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். ஆண்டுக்கு 10 செ.மீ.க்கும் மேல் வளரும். அதைத் தேய்க்கக் கடித்தே ஆக வேண்டும். அதனால் மரம், பிவிசி, ரப்பர், தெர்மோகோல், சிலிக்கான், நைலான் கொசுவலை எதுவும் தனியாக நிற்காது. டப்பாவிலிருந்து பீய்ச்சும் பியூ ஃபோம்தான் இப்போது எல்லோரும் கைவைக்கும் பொருள். அது இடத்தை நிரப்பும், காற்றைத் தடுக்கும், எலியைத் தடுக்காது. ஒரே இரவில் குடைந்து மஞ்சள் துகளாகத் தரையில் கொட்டிவிடும். கம்பி நாரை உள்ளே திணித்து அதன்மேல் ஃபோம் போட்டால் மட்டும் பயன் உண்டு.

நம்பத்தக்கவை இவை. கால் அங்குலக் கண் உள்ள ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) வெல்டு மெஷ், 19 அல்லது 20 கேஜ். கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும் என்பதால் கடையில் 24 கேஜைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கோழி வலை கூடவே கூடாது. கண் பெரிது, முறுக்கிய கம்பியை விரித்துவிடலாம். கதவுக்கும் குழாய்க்கும் 24 கேஜ் ஜிஐ தகடு. தகட்டுக்கு இந்தக் கனம் போதும், 0.6 மி.மீ. வரும். சின்னத் துளைகளுக்குப் பாத்திரம் தேய்க்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நார். இரும்பு நார் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்துப் பொடியாகும், சுவரிலும் கறை இறங்கும். மேல்பூச்சுக்கு ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல். இந்த அளவு வீட்டுக்கு மூன்றடி அகல மெஷ் 15 அடி, ஸ்டீல் நார் இரண்டு டஜன், பத்து கிலோ சிமெண்ட், அரை ஷீட் தகடு, 6 மி.மீ. பிளக்கும் 30 மி.மீ. திருகாணியும் ஒரு பெட்டி இருந்தால் பெரும்பாலும் வேலை முடியும். மெஷ்ஷை வெட்டத் தகடு கத்தரியும் தடித்த கையுறையும் வேண்டும்.

தண்ணீர் போகும் வழிகள்

வாசற்கதவைத்தான் எல்லோரும் சந்தேகப்படுவார்கள். தரைத்தள வீட்டில் அதைவிட அதிகம் கவனிக்க வேண்டியது சமையலறைத் தொட்டியின் அடிப்பக்கம். சிங்க்கிலிருந்து இறங்கும் சுருள் குழாய் ஏறக்குறைய 40 மி.மீ. தரையில் அது செருகப்பட்டிருக்கும் பிவிசி குழாய் 75 மி.மீ. சுற்றிலும் உள்ள வளைய இடுக்கை ஒரு பழைய துணியோ பாலிதீன் பையோ அடைத்துக்கொண்டிருக்கும். வெளியே சேம்பர் மூடி உடைந்திருந்தால் சாக்கடையிலிருந்து சமையலறை மேடைக்கு அதுவே நேர்வழி.

துணியை எடுத்துவிட்டு 75-லிருந்து 50-க்கு ஒரு ரெடியூசர் (குழாயின் வாயைச் சிறிதாக்கும் இணைப்பு), அதற்குள் 50-லிருந்து 40-க்கு ஒரு புஷ், இரண்டையும் சால்வென்ட் பசையால் ஒட்டுங்கள். சுருள் குழாய்க்குப் பதிலாகப் பாட்டில் டிராப்பும் கெட்டியான 40 மி.மீ. பிவிசி குழாயும் போடுவது மேல். சுருள் குழாயின் சுவர் மெல்லியது, எலி உள்ளிருந்தே கடித்துத் துளைத்துவிடும். பாட்டில் டிராப்பில் நிற்கும் தண்ணீர் நாற்றத்தையும் கரப்பானையும் சேர்த்துத் தடுக்கும். வாஷிங் மெஷின் குழாய் இறங்கும் இடத்திலும் இதே வேலைதான்.

குளியலறைத் தரையில் தண்ணீர் இறங்கும் நஹானி டிராப்பின் மேல்மூடி கழன்று கிடந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மூடியை வாங்கித் திருகுங்கள். பூட்டும் வகை மூடியாக இருக்கட்டும். வெறுமனே உட்காரும் மூடியை எலி கீழிருந்து தள்ளிவிடும். பயன்படுத்தாத குளியலறையில் டிராப் தண்ணீர் காய்ந்துவிடும். வாரம் ஒருமுறை ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் போதும்.

பழைய வீடுகளில் தரையைக் கழுவிவிட்ட தண்ணீர் போகச் சுவரடியில் நேர்த்துளை விட்டிருப்பார்கள். இதில் கால் அங்குல மெஷ்ஷை வைத்தால் இரண்டு நாளில் சோற்றுப்பருக்கை அடைத்துத் தண்ணீர் வீட்டுக்குள் தேங்கும், யாராவது மெஷ்ஷைப் பிடுங்கி எறிவார்கள். அங்கே வெளிப்பக்கம் கீல் வைத்த தகட்டு மூடி போட வேண்டும். தண்ணீர் தள்ளினால் திறக்கும், தன் எடையில் மூடிக்கொள்ளும். துளையைவிட மூடி எல்லாப் பக்கமும் ஒரு செ.மீ. பெரிதாக இருக்கட்டும். கழுவாத அறையாக இருந்தால் துளையை நிரந்தரமாக அடைத்துவிடலாம்.

வெளியே வந்து சேம்பர்களைப் பாருங்கள். மூடி உடைந்திருந்தால் மாற்றி, ஓரத்தில் கலவை பூச வேண்டும். பின்னால் திறக்க வேண்டியிருக்கும் என்பதால் ஓரத்துக்கு ஒன்றுக்கு ஆறு என்று மெலிந்த கலவை போதும். சேம்பருக்குள் குழாய் நுழையும் இடத்தைச் சுற்றி மண் தெரிந்தால் பெருச்சாளி அங்கிருந்துதான் தோண்டுகிறது. தெருச் சாக்கடையோடு சேரும் கடைசிச் சேம்பரில் 110 மி.மீ. குழாய்க்கு, வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு வைக்கலாம். அதில் கழிவு சிக்கி மூடி திறந்தே நிற்கும் என்பதால் மாதம் ஒருமுறை பார்க்கக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். செப்டிக் டேங்கின் காற்றுக்குழாயை ஒருபோதும் அடைக்கக் கூடாது, வாயு வெளியேற வேண்டும். அதன் தலையில் வலை வைத்த கௌல் (குழாய்த் தொப்பி) போட்டால் போதும்.

சமையல் கேஸும் சுவர்த் துளைகளும்

சிலிண்டர் வெளியே இருந்து ரப்பர் குழாய் சுவர் வழியாக உள்ளே வரும் வீடுகளில் இதை முதல் நாளே பார்த்துவிடுங்கள். எலி அந்தக் குழாயைக் கடிக்கும். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள, உள்ளே கம்பி வலை பின்னிய குழாயாக மாற்றி, சுவருக்குள் போகும் பகுதியை ஒரு ஜிஐ குழாய்த் துண்டுக்குள் நுழைத்து, சுற்றுப்புறத்தைக் கலவையால் அடைக்க வேண்டும். அதேநேரம் சமையலறையின் தரைமட்டத்தில் காற்றுத்துளை இருந்தால் அதைச் சிமெண்டால் மூடிவிடாதீர்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் படிந்து அந்தத் துளை வழியாகத்தான் வெளியேறும். அங்கே மெஷ் மட்டும்.

ஏசி செம்புக்குழாய் போகும் துளை பெரும்பாலும் தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டிருக்கும். குழாயின் கறுப்பு உறையை எலி கூடு கட்டவே பிய்த்துக்கொண்டு போகும். ஸ்டீல் நாரைப் பிரித்து, திருகாணி முனையால் இறுகத் திணித்து, இரண்டு அங்குல ஆழமாவது நிரப்பி, மேலே கலவை பூசுங்கள். செம்பின்மேல் நேராகச் சிமெண்ட் படாமல் உறை இருக்கட்டும். இன்டர்நெட் கேபிள், டிஷ் கேபிள் துளைகளும் அப்படியே. மாடியில் வாய் திறந்து நிற்கும் பழைய மின்குழாய்களுக்கு எண்ட் கேப் போடுங்கள். சுண்டெலி அதன் வழியே சுவிட்ச் பெட்டி வரை இறங்கும்.

துளையில் கலவை வைக்கும் முறையும் முக்கியம். தளர்ந்த பூச்சைத் தட்டி எடுத்து, நனைத்து, சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) அடித்த பிறகே கலவை. காய்ந்த செங்கல்லில் வைத்தால் அது நீரை உறிஞ்சி, ஒரு மாதத்தில் கட்டியாகக் கழன்று விழும். பெரிய துளையில் உடைந்த பாட்டில் துண்டுகளை உள்பக்கம் மட்டும் கலந்து வைப்பது கொத்தனார்களின் பழைய வழக்கம், நன்றாகவே வேலை செய்கிறது. மேற்பரப்பில் மட்டும் கண்ணாடி வரக் கூடாது. முதல் இரவு ஈரக் கலவையை எலி சுலபமாகத் தள்ளிவிடும். காலையில் வேலை முடித்து, இரவு அதன்மேல் ஒரு செங்கல்லையோ பலகையையோ முட்டுக் கொடுங்கள். மூன்று நாளாவது தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்திருங்கள்.

கதவு, ஜன்னல்

கதவின் கீழ் இடைவெளி 6 மி.மீ.க்குள் வர வேண்டும். கடையில் கிடைக்கும் பிரஷ் பட்டையும் ரப்பர் பட்டையும் தூசிக்குத்தான். பின்கதவுக்குக் கீழே ஒரு அடி உயரம் 24 கேஜ் தகட்டை வெளிப்பக்கம் அறைந்து, அதன் கீழ்விளிம்பை அலுமினிய எல் பட்டையால் முடியுங்கள். மழையில் மரம் உப்பும் என்பதால் 3 மி.மீ. இடைவெளி விட்டே பொருத்த வேண்டும், இல்லாவிட்டால் ஐப்பசியில் கதவு தரையில் இழுபடும். நிலையின் அடி மூலைகள் அரித்திருந்தால் அங்கும் தகடு.

எக்ஸாஸ்ட் ஃபேன், வென்டிலேட்டர் இரண்டுக்கும் மெஷ்ஷைச் சட்டத்தில் கட்டித் திருகாணியில் பொருத்துங்கள். ஆணி அறைந்தால் எண்ணெய் பிசுக்கைக் கழுவ எடுக்க முடியாது, பிசுக்கு ஏறினால் காற்றும் போகாது.

கூரை

சிமெண்ட் ஷீட்டின் அலைக்கும் சுவருக்கும் நடுவே ஒவ்வொரு அலையிலும் எலி தாராளமாகப் போகும் இடம் இருக்கிறது. மெஷ்ஷை இரண்டரை அங்குலப் பட்டையாக வெட்டி, அலைக்குத் தக்க வளைத்துச் செருகி, கலவை பூச வேண்டும். ஷீட்டைத் துளைக்கவோ அறுக்கவோ வேண்டாம். பழையவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அந்தத் தூசி நுரையீரலுக்குப் பெரும் கேடு. ஓட்டு வீட்டில் இறவாணத்து வரிசையின் அடியிலும் முகட்டு ஓட்டின் கலவை உதிர்ந்த இடத்திலும் இதே மாதிரி செய்யுங்கள். நடுவில் ஓடு உடைந்திருந்தால் மாற்றாமல் மற்றதைச் செய்வது வீண்.

மொட்டை மாடி மழைநீர்க் குழாயின் வாயில் நெருக்கமான மெஷ் வைக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் இலை அடைத்துத் தளம் குளமாகும். குவிந்த கூண்டு மூடி வையுங்கள், புரட்டாசியிலேயே சுத்தம் செய்யுங்கள்.

கூரையிலிருந்து கிளைகள் குறைந்தது நாலைந்து அடி தள்ளி இருக்க வேண்டும். எலி ஒரு மீட்டருக்கு மேலும் குறுக்கே தாவும். தென்னையில் ஆறடி உயரத்துக்கு மேல் ஒன்றரை அடி அகலத் தகட்டைச் சுற்றிக் கட்டினால் நகம் பிடிக்காது. ஆணி அறைய வேண்டாம், கம்பியால் கட்டி ஆண்டுக்கொருமுறை தளர்த்திக் கட்டுங்கள். மட்டை பக்கத்து மரத்தையோ கேபிளையோ தொட்டுக்கொண்டிருந்தால் தகட்டால் பயனில்லை. சுவரோரக் குழாய்களுக்கும் இதே தகட்டை வட்டத் தட்டாக வெட்டி மாட்டலாம்.

அஸ்திவாரம்

பெருச்சாளி வளை சுவரை ஒட்டியிருந்தால் மேல்வாயில் கல்லைப் போட்டு மூடுவது வீண், பக்கத்திலேயே தோண்டும். சுவரோரம் இரண்டடி ஆழம் பள்ளம் வெட்டி, அரை அங்குல வெல்டு மெஷ்ஷைச் சுவரோடு இறக்கி, அடியில் ஒரு அடி வெளிப்பக்கமாக மடித்து, மண்ணிட்டு நிரப்ப வேண்டும். தோண்டிக்கொண்டு வருவது மடிப்பில் முட்டி நின்றுவிடும். மேலே மூன்று அங்குலக் கான்கிரீட் பட்டை போட்டால் இன்னும் நல்லது. வீட்டுக்குள் தரை ஓடு சில இடத்தில் டொக்கென்று ஒலித்தால் அடியில் மண் பறிபோயிருக்க வாய்ப்பு உண்டு. அங்கே மணலும் கலவையும் நிரப்பிய பிறகே மெஷ் வேலை.

எதை எப்போது அடைப்பது

எல்லாத் துளைகளையும் ஒரே நாளில் அடைப்பதுதான் பெரிய தவறு. உள்ளே மாட்டிய எலி கதவையும் வயரையும் கடிக்கும். பரணில் குட்டி இருந்தால் அவை செத்து நாறும். ஓடும் வழி ஒன்றிரண்டை மட்டும் விட்டு மற்றவற்றை அடைத்து, உள்ளே பொறி வையுங்கள்.

எலிக்குப் புதுப் பொருளைக் கண்டால் பயம். முதல் மூன்று நாள் பொறியைத் திறந்தபடி, விசை மாட்டாமல், தீனியோடு வைத்துப் பழக்குங்கள். தேங்காய்ச் சில்லு, கருவாடு, மசால் வடை எதுவும் ஆகும். அதைப் பழகித் தின்ற பிறகு எல்லாவற்றையும் ஒரே இரவில் விசையேற்றுங்கள். அடிபொறியைச் சுவருக்குச் செங்குத்தாக, தீனி முனை சுவரைப் பார்த்தபடி வைக்க வேண்டும். ஒன்றிரண்டு போதாது, நடமாட்டம் உள்ள சுவரில் பத்தடிக்கு ஒன்று வையுங்கள். தொடர்ந்து ஒரு வாரம் எதுவும் சிக்காமல், கோலமாவில் தடமும் விழாமல் இருந்தால் கடைசி வழியை அடைக்கலாம்.

இந்த வேலையில் மருந்துக்கு இடமில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. மருந்து தின்ற எலி பரணிலோ சுவர்க் குழாயிலோ போய்ச் சாகும், எடுக்க முடியாது. மஞ்சள் பாஸ்பரஸ் பசைக்கு மாற்று மருந்தே கிடையாது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயுவை விடும், மூடிய வீட்டில் அது ஆளைக் கொல்லும். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் எலிமருந்து வைத்த வீட்டில் உறங்கிய இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். ஆள் வைத்து வேலை செய்வதானால், மருந்து வைப்பவரா, வழி அடைப்பவரா என்று முதலில் கேளுங்கள். துளைகளின் படம், மெஷ் கேஜ், பூசிய இடங்கள் மூன்றையும் எழுதித் தருபவரிடம் மட்டும் வேலையைக் கொடுங்கள்.

பழைய புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், தூசி பறக்கும். எலிக்காய்ச்சல் கிருமி சிறுநீரில் இருக்கும். கையுறை போட்டு, திரவ பிளீச் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, காகிதத்தால் வழித்தெடுங்கள். பிளீச்சோடு டாய்லெட் ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். பழைய எண்ணெய்க் கோட்டையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்த வாசனை அடுத்த எலிக்கு வழிகாட்டும். கழுவிய சுவரில் புதுக்கோடு விழுந்தால் உடனே தெரியும்.

அதன் பிறகு மாதம் ஒருமுறை சேம்பர் மூடி, நான்-ரிட்டர்ன் வால்வு, கீல் மூடி, எக்ஸாஸ்ட் மெஷ் நான்கையும் பார்த்தால் போதும். ஏசி மாற்றவோ, கேபிள் இழுக்கவோ, குழாய் வேலைக்கோ ஆள் வந்து சுவரில் துளை போட்டால், அவர் கருவிகளைக் கட்டுவதற்கு முன் துளையில் ஸ்டீல் நார் வைத்துப் பூசச் சொல்லுங்கள். வீட்டில் எப்போதும் நாலு ஸ்டீல் நாரும் ஒரு கிலோ சிமெண்டும் இருக்கட்டும்.